மூன்றாம் முறை கேட்டபோது

கருப்பசாமிக்கு இரண்டாவது கண்ணும் போனது கார்த்திகை மாதத்தில். முதல் கண் அதற்கு ஒரு வருஷம் முன்பே மங்கிவிட்டது. சர்க்கரைதான் காரணம். மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருந்தால் ஒரு கண்ணையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று மதுரை டாக்டர் சொன்னபோது, அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அவர் நெய்வேலிச் சுரங்கத்தில் பக்கெட் வீல் ஓட்டியவர். இரண்டு தேரை ஒன்றன்மேல் ஒன்று நிறுத்தினால் வரும் உயரம் அந்த இயந்திரம். அதன் பெரிய சக்கரத்தில் பொருத்திய வாளிகள் சுழன்று சுழன்று மண்ணை வழித்தெடுக்கும். கண்ணாடிக் கேபினுக்குள் உட்கார்ந்து இருபத்தாறு வருஷம் அதை ஓட்டினார். மேல்மண் எங்கே முடிகிறது, கரி எங்கே தொடங்குகிறது என்பதை நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். இனி வேலைக்குத் தகுதியில்லை என்று மருத்துவக் குழு எழுதிவிட்டது. வைகாசிவரை குவார்ட்டர்ஸில் இருந்துகொள்ளலாம் என்றார்கள்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றார். கட்டிலிலிருந்து குளியலறைக்குப் பதினோரு எட்டு, வாசலுக்குப் பதினாறு எட்டு என்று ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்துகொண்டார். ஒரு தடவைகூட அழவில்லை, திட்டவில்லை, சாமியை நொந்துகொள்ளவில்லை. அவர் மனைவி இசக்கியம்மாளுக்கு அதுதான் பயமாக இருந்தது. தட்டை விட்டெறிந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவர் காலையில் குளித்து, சட்டை போட்டு, பொத்தான் எல்லாம் சரியாகப் பூட்டி நாற்காலியில் உட்காருவார். மத்தியானம்வரை அப்படியே இருப்பார்.

இசக்கியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமத்தில் ஆறு வயசிலேயே தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனவள். கல்யாணமான நான்காம் நாள் அதைச் சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் நின்றாள். "அதனால என்ன, நான் வாசிச்சுச் சொல்லுதேன்" என்றார் கருப்பசாமி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இருபத்தெட்டு வருஷம் அவர்தான் வாசித்தார். ரேஷன் கடைப் பலகை, மகளின் பள்ளிக்கூடச் சீட்டு, பஸ் போர்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாம். குவார்ட்டர்ஸ் பிளாக்கில் ஒரு பெண்ணுக்கும் இசக்கியம்மாளுக்கு எழுத்து தெரியாது என்பது தெரியாது. மகள் இளவேனிலுக்குக்கூட அது பத்தாவது படிக்கும்போதுதான் தெரியும்.

கண் போன பிறகு மாத்திரைகளை அவள் நிறம் பார்த்தே எடுத்துக் கொடுத்தாள். மஞ்சள் அட்டை காலையில், வெள்ளி அட்டை இரவில். ஒருநாள் கடையில் அதே மாத்திரை வேறு கம்பெனி அட்டையில் வந்தது. புதுசாக ஏதோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்து இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். பத்து மணிக்கெல்லாம் கருப்பசாமி உடம்பு வேர்த்து, கை நடுங்கி, நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார். சர்க்கரையைக் கரைத்து வாயில் ஊற்றி, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, எப்படியோ சமாளித்தார்கள். அவர் தெளிந்ததும், "வெயிலு ஜாஸ்தி" என்றார். மார்கழி மாசத்தில் என்ன வெயில்? தன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்றுதான் அப்படிச் சொல்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

மாசிலாமணி அந்த நாட்களில் தினமும் சாயங்காலம் வந்துகொண்டிருந்தார். கரி ஏற்றிப்போகும் பெல்ட் பிரிவில் ஃபோர்மேன். நாசரேத்துக்காரர், சபையில் ஞாயிறுப் பள்ளி ஆசிரியர். இருவரும் ஒரே ஷிப்டில் பத்து வருஷம் இருந்தவர்கள். மாசிலாமணி ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லமாட்டார். பையிலிருந்து ஒரு நீளமான நோட்டை எடுப்பார்.

"ஞாயித்துக்கெழம பிள்ளைகளுக்குச் சொல்ல ஒருத்தர் கதைய எழுதிக்கிட்டு இருக்கேன். சரியா இருக்கான்னு கேளு."

அது திதிமு என்பவரின் கதை. ஆயிரத்தெழுநூறு வருஷத்துக்கு முன்பு எகிப்து தேசத்தில், அலெக்சாந்திரியாப் பட்டணத்தில் பிறந்தவர். நாலு வயசில் நோய் வந்து இரண்டு கண்ணும் போய்விட்டது. அப்போது அந்தக் குழந்தைக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. மரப்பலகையில் எழுத்துகளைக் குடைந்து, அவற்றை விரலால் தடவித் தடவிப் படித்தான். மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டு, எல்லோரும் தூங்கின பிறகு கேட்டதையெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பான். இலக்கணம் படித்தான், கணக்குப் படித்தான், வட்டம் முக்கோணம் என்று கோடுகளின் கணக்கையும் படித்தான், நட்சத்திர சாஸ்திரமும் படித்தான். அந்தப் பட்டணத்துப் பேராயர் கடைசியில் அவரையே பெரிய வேதப் பாடசாலைக்குத் தலைவராக வைத்தார். தூர தேசங்களிலிருந்தெல்லாம் கண்ணுள்ளவர்கள் அவரிடம் வந்து படித்தார்கள்.

"கண்ணு தெரியாதவன் நட்சத்திரத்தப் பத்தி என்னத்தத் தெரிஞ்சுக்கிடுவான், அண்ணாச்சி?" என்றார் கருப்பசாமி.

"கண்ணு தெரிஞ்சப்ப நீ எத்தன நட்சத்திரத்தப் பாத்திருக்க? லைட்ட போட்டுக்கிட்டு மண்ணத்தான் பாத்துக்கிட்டு இருந்த."

கருப்பசாமி சிரிக்கவில்லை. "அவருக்கு நாலு வயசுல போச்சு. என்ன போச்சுன்னே அவருக்குத் தெரியாது. எனக்கு அப்படியா?"

மாசிலாமணி நோட்டை மூடினார். மறுநாளும் வந்தார், விட்ட இடத்திலிருந்து வாசித்தார்.

டிசம்பர் கடைசியில் மாசிலாமணி ரிட்டயர் ஆனார். லாரியில் சாமான் ஏற்றியாகிவிட்டது. ஊருக்குப் புறப்படும் முன்பு கடைசியாக ஒரு தடவை வந்தார். கதையில் இன்னும் பன்னிரண்டு பக்கம் பாக்கி இருந்தது.

"பிள்ளைகளுக்கு நான் வாயாலயே சொல்லிட்டேன். நோட்டு இங்கயே இருக்கட்டும்" என்று இசக்கியம்மாளிடம் நீட்டினார். "தங்கச்சி, மிச்சத்த நீ வாசிச்சுக் காட்டு. என் எழுத்து குண்டு குண்டா இருக்கும். உனக்குச் சிரமம் இருக்காது."

"சரி அண்ணாச்சி" என்று அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

கருப்பசாமி காது கேட்காதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். மாசிலாமணி போன பிறகு அவள் நோட்டைச் சாமி படங்களுக்குக் கீழே வைத்தாள். வேறு எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பொங்கலுக்கு ஓசூரிலிருந்து இளவேனில் வந்தாள். அப்பாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன் என்று நோட்டை எடுத்தாள். செய்தி வாசிக்கிற மாதிரி கடகடவென்று முக்கால் பக்கம் வாசிப்பதற்குள் அவளுக்கு ஆபீசிலிருந்து போன் வந்துவிட்டது. "பக்கத்து வீட்டுல சொல்லி நோட்டப் போட்டோ எடுத்து அனுப்புங்கப்பா, அங்கருந்து வாசிச்சு வாய்ஸ் அனுப்புறேன்" என்றாள். "ஆகட்டும்மா" என்றார். அனுப்பவில்லை.

தை கடைசியில் ஒருநாள், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவர், "இசக்கி, இங்க வந்து உக்காரு" என்றார்.

"பாத்திரம் கெடக்கு."

"கெடக்கட்டும். கையக் குடு."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். அவர் அவள் உள்ளங்கையைத் தடவி விரித்துப் பிடித்து, ஆள்காட்டி விரலால் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தார். பிறகு அதன் அடியிலிருந்து குறுக்கே ஒரு கோடு.

"இது ட."

அவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். "என்ன செய்றீங்க?"

"நோட்டுல இன்னும் பதினோரு பக்கம் இருக்கு. அந்த மனுஷன் கடைசியில என்ன ஆனாருன்னு எனக்குத் தெரியணும்."

"அதுக்கு நான்தான் கெடச்சனா? அம்பது வயசு ஆவுது. இனிமே எனக்கு எங்க ஏறப்போவுது?"

"உனக்குக் கண்ணு இருக்கு, எழுத்து இல்ல. எனக்கு எழுத்து இருக்கு, கண்ணு இல்ல. யோசிச்சுப் பாரு" என்று கையை நீட்டியபடியே இருந்தார்.

மாத்திரை கொடுத்த அந்த நாளைத்தான் அவள் யோசித்தாள். பிறகு கையைத் திரும்பவும் அவர் கையில் வைத்தாள்.

முதல் நாள் ட. இரண்டாம் நாள் ப. ம வந்ததும் அதன் தலையில் ஒரு புள்ளி வைத்து, மூன்றையும் சேர்த்து "படம்" என்று எழுதிக் காட்டினார். அவள் அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவைத் திரும்பிப் பார்த்தாள். அதைத்தான் இத்தனை வருஷமாகப் படம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம், அதற்கு இப்படி மூன்று உருவம் இருக்கிறதா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

கட்டுக்கம்பி கொண்டுவரச் சொல்லி, கருப்பசாமி அதை வளைத்து எழுத்துகள் செய்தார். இயந்திரத்தோடு பழகின விரல்கள் அல்லவா, அ, ஆ, இ எல்லாம் அழகாக வந்தன. அவற்றைத் தட்டில் பரப்பிக் கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்லச் சொன்னார். "எனக்குத்தான் கண்ணு தெரியுதே, நான் எதுக்கு மூடணும்?" என்று அவள் கேட்டாள். "எனக்குத் துணைக்கு" என்றார்.

அவள் சரியாக எழுதுகிறாளா என்று பார்க்க அவருக்கு வழி இல்லை. அதனால் அவள் அவர் உள்ளங்கையில் எழுதிக் காட்டுவாள். "கொம்ப விட்டுட்ட" என்பார். "சுழி போதாது" என்பார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பகல் வெளிச்சத்தில் அவர்கள் இவ்வளவு நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை. ஒருநாள் பிளாக்கில் கூட்டிப் பெருக்குகிற வீரம்மாள் தண்ணீர் கேட்க வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா, பட்டப்பகல்ல சாரு கையப் புடிச்சிக்கினு குந்தியிருக்க?"

இசக்கியம்மாளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. ஏதாவது பொய் சொல்லலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் கருப்பசாமி, "பாடம் நடக்கு, வீரம்மா" என்றார்.

"யாருக்கு?"

இசக்கியம்மாள் அவர் கையை விடவில்லை. "எனக்குத்தான்" என்றாள். "எனக்கு எழுத்து தெரியாது." இருபத்தெட்டு வருஷம் மறைத்ததைச் சொல்ல ஒரு மூச்சுதான் ஆயிற்று.

வீரம்மாள் கம்மாபுரம் பக்கத்துக்காரி. காண்ட்ராக்டில் வேலை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள். "அப்புடியா? நான் உன்னப் பெரிய படிப்புக்காரின்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்" என்றவள், தட்டில் கிடந்த கம்பி எழுத்து ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். "எம் பேரு எதுல தொடங்குது சார்?" அன்றிலிருந்து வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் முன்பு கால் மணி நேரம் அவளும் வந்து உட்கார்ந்தாள்.

ந, ண, ன வந்தபோது இசக்கியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரே சத்தத்துக்கு எதுக்கு மூணு எழுத்து? ஒண்ணு போதாதா?"

"நானா செஞ்சேன்?"

"நீங்க செஞ்சிருந்தா நாலு செஞ்சிருப்பீங்க."

கருப்பசாமி சிரித்தார். கார்த்திகைக்குப் பிறகு அவர் சத்தம் போட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பங்குனி பிறந்ததும் நோட்டை எடுத்தார்கள். முதல் பக்கத்துக்கு நான்கு நாள் ஆயிற்று. தெரியாத எழுத்து வந்தால் அவள் அதை அப்படியே பார்த்து அவர் கையில் வரைவாள், அவர் இன்னது என்று சொல்லுவார். அலெக்சாந்திரியா என்ற சொல்லில் மட்டும் அவள் ஒரு சாயங்காலம் முழுக்கக் கிடந்தாள். அப்புறம் பக்கத்துக்கு இரண்டு நாள். அப்புறம் ஒரே நாள். திதிமு பரிசுத்த ஆவியைப் பற்றி நூல் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதியதும், தன்னோடு மாறுபட்டவர்களிடம்கூட அவர் கடிந்து பேசாததும் அவள் வாயில் துண்டு துண்டாக வந்தன. கருப்பசாமி துண்டுகளைச் சேர்த்துக் கேட்டுக்கொண்டார்.

ஒருநாள் சாயங்காலம் ஒரு பக்கத்தைத் தொடங்கியவள், "அந்தோனி" என்று உடனே வாசித்துவிட்டாள். "நம்ம புளியம்பட்டிக் கோயில் அந்தோணியாரா?"

"அவரா இருக்காது. இவரு ரொம்பப் பழைய காலம். மேல வாசி."

அவள் விரலை வைத்து வாசித்தாள். அந்தோனி பாலைவனத்தில் தவம் இருந்தவர். எவரையும் தேடிப் போகாதவர். அவர் பட்டணத்துக்கு வந்தபோது திதிமுவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். இந்தக் கண்ணில்லாதவருடைய அறிவைப் பார்த்து வியந்துபோனார். வியந்தபடியே ஒரு கேள்வி கேட்டார்.

"கண்... இல்... லை என்று... உமக்கு... வருத்தம்... உண்டா."

இசக்கியம்மாள் அடுத்த வரிக்குப் போனாள். "திதிமு... வெட்கப்... பட்டு... பேசா... மல்... இருந்தார்." அவள் நிறுத்தி மூச்சு விட்டாள். "அந்தோனி... இரண்... டாம்... முறை... கேட்டார். அப்போ... தும்... பேச... வில்லை."

கருப்பசாமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெளியே யாரோ ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அது போகும்வரை அவள் காத்திருந்தாள்.

"மூன்... றாம்... முறை... கேட்ட... போது... திதிமு... மறைக்... காமல்..." அடுத்த சொல் கொஞ்சம் கலங்கியிருந்தது. அவள் நோட்டை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "வ... ரு... த்..."

"உண்டு" என்றார் கருப்பசாமி.

அவள் குனிந்து பார்த்தாள். "ஆமா, வருத்தம் உண்டு என்றார்னுதான் போட்டிருக்கு. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நான் என்னயச் சொன்னேன், இசக்கி."

அவள் நோட்டை மடியில் வைத்தாள்.

"அவ்வளவு படிச்ச மனுஷன், அத்தன பேருக்குச் சொல்லிக் குடுத்தவரு, அவருக்கே இருந்திருக்கு" என்றார். "நாலு வயசுல போனவனுக்கு என்ன போச்சுன்னு தெரியாதுன்னு சொன்னேன்ல. தெரிஞ்சிருக்கு. எனக்கும் இருக்கு. நிறைய இருக்கு. கரி தட்டும்போது ஒரு கறுப்பு வரும், இந்தக் கறுப்பு மாதிரி இல்ல அது, மினுங்கும். அதப் பாக்கணும்போல இருக்கு. உன் மூஞ்சி கொஞ்சம் கொஞ்சமா மறக்குது. கல்யாணப் போட்டோவுல இருக்க மூஞ்சிதான் ஞாபகத்துல நிக்குது, இப்ப உள்ளது நிக்க மாட்டேங்குது."

இசக்கியம்மாள் அவர் பக்கம் நெருங்கி உட்கார்ந்தாள். அவர் இரண்டு கையையும் எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். அவர் விரல்கள் நெற்றியில் தொடங்கி, புருவம், கண்ணுக்குக் கீழே விழுந்த சுருக்கம், மூக்குத்தி, கன்னம் என்று மெல்ல இறங்கின. கன்னம் ஈரமாக இருந்தது. அவர் கன்னமும் ஈரமாக இருந்தது. நான்கு மாதமாக வராத அழுகை அது, அதனால் அவசரப்படாமல் வந்தது. அவள் அதை நிறுத்தச் சொல்லவில்லை.

ரொம்ப நேரம் கழித்து அவரே, "அதுக்கு அந்தோனி என்ன சொன்னாரு?" என்று கேட்டார்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நோட்டை எடுத்தாள். ஈக்கும் எறும்புக்கும் இருக்கிற கண்ணை இழந்ததற்கு ஏன் வருந்துகிறீர், தேவதூதர்கள் பார்க்கிற கண் உமக்கு இருக்கிறதே என்று சொன்னாராம்.

"சொல்லிட்டாரு" என்றார் கருப்பசாமி. "அவருக்கு ரெண்டு கண்ணும் இருந்திருக்கும்."

"எறும்புக்குச் சீனி டப்பா எங்க இருக்குன்னு தெரியுது. நமக்கு அதுகூடத் தெரியல" என்றாள் அவள். இரண்டு பேரும் அழுத முகத்தோடு சிரித்தார்கள். ஆனாலும் அந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார் அவர்.

கடைசிப் பக்கத்தை அவள் சித்திரையில் முடித்தாள். திதிமு எண்பத்தைந்து வயசுவரை வாழ்ந்தார். அவர் இறந்து நெடுங்காலம் கழித்து, அவர் போதித்தவற்றில் சில தவறு என்று சபையார் தள்ளினார்கள். அவருடைய நூல்கள் பலவும் காணாமல் போயின. அப்புறம், இன்றைக்கு எண்பது வருஷத்துக்கு முன்னால், எகிப்தில் பழைய கல்குவாரி ஒன்றின் குகையில் வேலையாட்கள் குப்பையையும் கல்லையும் அள்ளிக்கொண்டிருந்தபோது பழைய ஏடுகள் கிடைத்தன. திதிமு பாடம் சொன்னது அவற்றில் இருந்தது.

"இரு, இரு. யாரு கையில கெடச்சுது?"

"வேலை... ஆட்கள். கல்லு அள்ளுனவங்க."

"நம்ம ஆளுங்க!" என்று கருப்பசாமி தொடையில் தட்டிக்கொண்டார். "அப்பவே நெனச்சேன். மண்ண அள்ளுறவன் கையிலதான் எல்லாம் வந்து சேரும். அவங்களுக்கு அது என்னன்னு வாசிக்கத் தெரிஞ்சுதாமா?"

"அத அண்ணாச்சி எழுதல."

அன்று சாயங்காலமே நாசரேத்துக்குப் போன் போட்டார்கள். நோட்டை முடித்துவிட்டோம் என்றார் கருப்பசாமி. "யாரு வாசிச்சது, தங்கச்சியா?" என்று மாசிலாமணி சாதாரணமாகக் கேட்டார். இசக்கியம்மாள் போனை வாங்கி, நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொன்னாள், தனக்கு எழுத்து தெரியாமல் இருந்ததையும் சேர்த்து. "நான் ஒரு மடையன், தங்கச்சி" என்றார் அவர். "தெரியாம உன் கையில திணிச்சுட்டுப் போயிட்டேனே."

"நல்லவேள, தெரியாமப் போச்சு" என்றாள் அவள்.

வைகாசியில் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடலூரில் வாடகைக்கு வீடு பிடித்தார்கள். வீரம்மாள் தன் பேரையும் மகள் பேரையும் எழுதுகிற அளவுக்கு வந்திருந்தாள். மீதியை ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வந்து படிக்கிறேன் என்றாள். மூன்றாவது ஞாயிறு, கூட வேலை செய்யும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கருப்பசாமி இன்னும் கொஞ்சம் கம்பி வாங்கிவரச் சொன்னார்.

புது ஊரில் அவருக்கு எட்டுக் கணக்கு எதுவும் தெரியாது. அதனால் தினமும் காலையில் இசக்கியம்மாள் அவர் கையைப் பிடித்துக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனாள். போகிற வழியெல்லாம் போர்டுகளை வாசித்தாள். ஒன்றையும் விடவில்லை. செருப்புக் கடை, நகை அடகுக் கடை, பரோட்டா ஸ்டால், குள்ளஞ்சாவடி வழி கடலூர், பழுது பார்க்கப்படும், இங்கே வண்டி நிறுத்தாதீர், கண்ணீர் அஞ்சலி.

"யாருக்கு?" என்றார் கருப்பசாமி.

"இருங்க, அடியில சின்னதா போட்டிருக்கு" என்று அவள் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணி அடித்தார். அவள் நகரவில்லை. முழுப் பெயரையும் வாசித்து முடித்துவிட்டுத்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த கடைக்கு நடந்தாள்.